ஆறு பேர் நீங்கலாக

தீயைக் கண்டுபிடித்த மனிதனின் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தத் தீயிலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேரை மூன்றே நிமிஷத்தில் வெளியேற்றும் மனிதரின் பெயரும் அப்படியே காற்றோடு போய்விடுமோ என்று அந்தப் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியாருக்கு ரொம்பக் கவலை. அந்த மனிதர் அவர்தான் என்பதால் கவலை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. வீண் கவலை. பள்ளிக்கூடமே கூடி அவருக்கு ஒரு பெயரை வைத்து நிலைநாட்டிவிட்டிருந்தது.

"டேய், மூணு நிமிஷம் வராரு, சட்டையை உள்ள விடுங்கடா!"

இந்த மகானின் வாழ்க்கையில் எல்லாமே ஓர் அரை நொடியில் தொடங்கியது. பதினேழு வயதில் ஒரு ஓட்டப்பந்தயத்தில் நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவனுக்கும் அவருக்கும் வித்தியாசம் அரை நொடி. மூன்று பேருக்குக் கோப்பை. நான்காவது ஆளுக்கு ஒரு வாழைப்பழம். அன்று முதல் காலம் தனக்கு அரை நொடி பாக்கி வைத்திருக்கிறது என்று உறுதியாக நம்பினார். முப்பத்திரண்டு வருஷமாகக் கழுத்தில் விசிலோடு ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கியது. அதற்குக் கீழே தொப்பை ஒன்று அமைதியாக வளர்ந்து, இப்போது ஸ்டாப்வாட்ச் படுத்து ஓய்வெடுக்கும் அளவுக்கு வந்திருந்தது.

பாதுகாப்பு அதிகாரி பதவியும் அவரைத் தேடித்தான் வந்தது. பன்னிரண்டு பள்ளிகளை நடத்தும் நிர்வாகம், பள்ளிக்கு ஒருவரை அந்தப் பொறுப்பில் போடும்படி கேட்டது. ஆசிரியர் அறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நொண்டிச்சாக்கு இருந்தது. விளையாட்டு வாத்தியார் அன்று பல்வலியில் லீவு. வராதவர் தலையில் கட்டுவது எல்லா அலுவலகங்களிலும் உள்ள நடைமுறைதான். ஆனால் மறுநாள் வீங்கிய கன்னத்தோடு செய்தியைக் கேட்ட அவர், உலகமே தன்னை அழைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார். அன்று மாலையே இருட்டில் மின்னும் ஆரஞ்சு மேலங்கி ஒன்றை வாங்கினார். பட்டப்பகலிலும் அதைக் கழற்றுவதில்லை.

முதல் ஒத்திகை வீட்டில் நடந்தது. "தீ! தீ!" என்று கத்திவிட்டு ஸ்டாப்வாட்சை அமுக்கினார். மனைவி கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். மூட்டுவலிக்கார மாமியார் கட்டிலிலிருந்து இறங்கி, செருப்பைத் தேடி, கண்ணாடியைத் தேடி, வந்து சேர நாலரை நிமிஷம்.

"ரொம்ப மோசம்" என்றார்.

"அடுப்புல பாலு பொங்கிட்டிருக்கு, அதைப் பாக்காம வந்துட்டேன். நெசமாவே பத்திக்கப் போவுது" என்று மனைவி உள்ளே ஓடினாள்.

மாமியார் இன்னொரு மகள் வீட்டுக்குப் போன வாரத்தில் மறுபடி ஒத்திகை வைத்தார். நாற்பது நொடி. நோட்டில் குறித்துக்கொண்டார். ஒரு பிரச்சினையைத் தீர்ப்பது எப்படி என்று அன்றே கற்றுக்கொண்டார் என்று சொல்ல வேண்டும்.

இந்தச் சமயத்தில் நிர்வாகம் இன்னொரு சுற்றறிக்கை விட்டது. தீயணைப்புத் துறையின் ஆய்வாளர் முன்னால் மூன்று நிமிஷத்துக்குள் காலியாகும் பள்ளிக்குச் சான்றிதழ்; அந்தப் பள்ளியின் அதிகாரிக்குப் பன்னிரண்டு பள்ளிகளுக்கும் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி பதவி. தனி அறை, கதவில் பலகை, சுழலும் நாற்காலி. தலைமையாசிரியை இல்லாத ஒரு மத்தியானம் அவருடைய சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தவர் நம் ஆள். அந்தச் சுகம் இடுப்பிலேயே தங்கிவிட்டிருந்தது.

வேலை மும்முரமாக நடந்தது. ஒத்திகைக்கு முந்தின நாள் எல்லா வகுப்புக்கும் சுற்றறிக்கை போகும்: "நாளை காலை சரியாக 10.40 மணிக்கு எதிர்பாராத விதமாகச் சைரன் ஒலிக்கும்." பத்தரைக்கே பிள்ளைகள் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டி, பெஞ்சின் விளிம்பில் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். கணக்கு டீச்சர் கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டே கணக்குப் போடுவார். நம் ஆள் அலுவலகத்துக்கு வெளியே சைரனுக்கு நேர் கீழே நிற்பார். பொத்தானும் அங்கேதான். முதலில் மேலங்கிப் பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் நன்றாக அடைத்துக்கொள்வார். சத்தம் அப்படி. பிறகு அமுக்குவார்.

பள்ளியில் நடந்த முதல் ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது, வாசற்படி வரைக்கும்.

தாழ்வாரத்தின் கோடியில் ஒரு வகுப்பு உண்டு. எல்லாரும் அதைக் கடைசி ரூம் என்பார்கள். ஆறு குழந்தைகள். ஒருவனுக்குச் சக்கர நாற்காலி. இரண்டு பேர் பேச மாட்டார்கள். மற்ற மூவரில் ஒருத்திக்கு ஒன்பது வயது. அறிவிப்பு என்று பட்டப்பெயர். கண்ணில் படும் பலகையை எல்லாம் பஸ் நிலைய ஒலிபெருக்கி மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் உரக்கப் படிப்பாள். "இங்கே எச்சில் துப்பாதீர். தண்ணீரை வீணாக்காதீர். தலைமையாசிரியை, அனுமதி பெற்று உள்ளே வரவும்." எதையும் ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் போதும், உயிர் போனாலும் மாற்றமாட்டாள். அவளுக்கு ஆகாதது ஒன்றுதான்: சொல்லாமல் கொள்ளாமல் வரும் பெரிய சத்தம்.

சுற்றறிக்கை கடைசி ரூமுக்கு மட்டும் போகவில்லை. அதுகளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். சைரன் அலறியதும் அறிவிப்பு எல்லாரும் வெளியே போகிற வாசற்படியிலேயே சுருண்டு உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு, சைரனைவிட உரக்கக் கத்தினாள். அந்த ரூம் டீச்சர் ஓடிவந்து, அவளை இழுக்காமல், பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அணைத்துக்கொண்டாள். பின்னால் முந்நூறு பிள்ளைகள் தேங்கினார்கள். நம் ஆள் குனிந்து, காதில் பஞ்சும் கையில் ஸ்டாப்வாட்சுமாக, "எந்திரிம்மா, டைம் போவுது பாரு, டைம் போவுது!" என்று அந்தக் குழந்தைக்கு முள்ளைக் காட்டினார்.

நாலு நிமிஷம் பதினொரு நொடி.

"சார், அவகிட்ட முன்னாடியே சொல்லிட்டா போதும்" என்றாள் கடைசி ரூம் டீச்சர், ஒத்திகை முடிந்ததும். "படம் போட்டுக் காட்டறேன். காதுக்கு மாட்டிக்க ஒண்ணு வாங்கிக் குடுங்க. எங்களை முதல்ல கிளம்ப விடுங்க. அவ ஒரு தடவ கத்துக்கிட்டா நம்ம எல்லாரையும்விட ஒழுங்கா செய்வா."

"டீச்சர், தீ என்ன லெட்டர் போட்டுட்டா வரும்?"

"எட்டாங்கிளாஸுக்கு மட்டும் போட்டுச்சே?"

அவர் காதைத் தொட்டுக் காட்டினார். பஞ்சை இன்னும் எடுக்கவில்லை என்று பாவனை செய்தார்.

பிறகு தலைமையாசிரியை அறைக்குப் போனார். சட்டத்துக்கும் மனிதாபிமானத்துக்கும் நடுவில் எங்கே சௌகரியமோ அங்கே நிற்கக்கூடிய அம்மாள் அவர். இரண்டு பேரும் சேர்ந்து அறிவிப்பின் தாயை வரவழைத்தார்கள். அவள் பஸ் கண்டக்டர். டிக்கெட் பையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் சீருடையோடு வந்து நின்றாள்.

"குழந்தையோட நன்மைக்குத்தாம்மா சொல்றோம்" என்றார் தலைமையாசிரியை. "அவளுக்கு ஏத்த மாதிரி வேற ஸ்கூல் இருக்கும்."

"எங்க இருக்கு மேடம்?"

"தேடினா கிடைக்கும்."

"தேடித்தான் இங்க வந்தேன்."

நம் ஆள் குறுக்கிட்டார். "அம்மா, அறுநூத்திப் பன்னெண்டு பேர் உயிர் விஷயம். ஒரு ஆளுக்காக எல்லாரையும் நிறுத்த முடியுமா? டைமிங்னு ஒண்ணு இருக்கு."

கண்டக்டர் அவர் கழுத்திலிருந்த விசிலைப் பார்த்தாள். பிறகு தன் கழுத்திலிருந்த விசிலைத் தூக்கிக் காட்டினாள்.

"சார், நானும் இதை வெச்சுத்தான் பொழைக்கிறேன். எனக்கும் டைமிங் இருக்கு, லேட்டானா மெமோ குடுப்பாங்க. ஆனா ஒருத்தரு ஒரு கால படியில வெச்சிட்டு நிக்கும்போது நான் விசில் அடிச்சதில்ல. நீங்க அடிப்பீங்க போல."

நாற்காலி சுழன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. தலைமையாசிரியைக்கு அதில் ஒரு வசதி உண்டு.

கழற்றிவிட முடியாது என்று தெரிந்ததும் நம் ஆளின் மூளை மாமியார் விஷயத்தை ஞாபகப்படுத்தியது. கடைசி ரூமுக்கு அடுத்தாற்போல் ஸ்டோர் ரூம். தாள் கட்டுகள், பழைய விடைத்தாள்கள், கிழிந்த வரைபடங்கள். ஜன்னல் இல்லை, சுவர் கனம். உள்ளே நின்றால் சைரன் எங்கோ தூரத்தில் கொசு பாடுகிற மாதிரி கேட்கும். சைரன் அடித்ததும் ஆறு பேரும் அங்கே போய் உட்கார வேண்டியது, வாசற்படி காலி. ஒவ்வொரு வகுப்பும் மைதானத்துக்கு வந்து ஆள் சரியாக இருந்தால் டீச்சர் பச்சை அட்டையைத் தூக்க வேண்டும். கடைசி ரூமின் அட்டையைத் தானே தூக்கிவிடுவதாகப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

"தீப்பிடிச்சா உள்ள போய் உக்காருன்னு சொல்லிக்குடுக்கச் சொல்றீங்களா?" என்றாள் டீச்சர்.

"தீ எங்க டீச்சர் இருக்கு? இது ஒத்திகை."

"அது அவளுக்குத் தெரியாது சார்."

"பாருங்க, சத்தம் கம்மி, குழந்தை பயப்படாது. நான் உங்க பக்கம்தான் பேசறேன்."

தலைமையாசிரியை எழுத்தில் உத்தரவு கொடுத்தார். டீச்சர் அதை இரண்டு முறை படித்தாள். வேறு வழியில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: அடுத்த ஒத்திகையில் அறிவிப்பு கத்தவில்லை. ஸ்டோர் ரூமின் இருட்டில் அவள் நடுங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது டீச்சருக்கே அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நாலு ஒத்திகை நடந்தது. எட்டாம் வகுப்பு ஒவ்வொரு முறையும் யாரையாவது மிதித்தது. ஏழாம் வகுப்பு தப்பான கேட்டுக்குப் போனது. அந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றதைப் பிசகாமல் செய்தவர்கள் ஆறே பேர். மணி அடித்த பத்தாவது நொடியில் அறிவிப்பு முன்னால், சக்கர நாற்காலி நடுவில், மற்றவர்கள் பின்னால் என்று வரிசையாக ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்று ஒன்பது, மூன்று நாலு, மூன்று ஒன்று, கடைசியில் இரண்டு ஐம்பத்தொன்பது. நம் ஆள் அந்த ராத்திரி தூக்கத்தில் ஒரு சுற்று சுற்றினார் என்று மனைவி சொன்னாள்.

ஆய்வாளர் ஒரு வியாழக்கிழமை வந்தார். தீயணைப்பு வண்டியில் தொங்கியே தலை நரைத்த மனுஷன். இடது புருவம் பாதி இல்லை, எதிலோ கருகிப் போயிருக்க வேண்டும். துணிப்பையில் ஒரே ஒரு தகரப் பலகை வைத்திருந்தார். சிவப்பு எழுத்தில்: "தீ இங்கே."

"இதை எங்கயாவது மாட்டுவேன்" என்றார். "எங்கன்னு சொல்ல மாட்டேன். அந்த இடத்தை விட்டுட்டு சுத்திப் போவணும். அவ்வளவுதான்."

"தாராளமா மாட்டுங்க சார்! எங்க மாட்டினாலும் எங்க பிள்ளைங்க காத்து மாதிரி வெளிய வந்துடுவாங்க."

அன்று ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தார். டீச்சர் மைதானத்தில் இல்லாவிட்டால் ஆய்வாளர் கேள்வி கேட்பார், அதனால் 10.40க்கு முன்னாலேயே அவளை மைதானத்தில் தண்ணீர் பாட்டிலோடு நிறுத்தினார். குழந்தைகள்தான் தனியாகவே போகப் பழகிவிட்டார்களே. டீச்சர் முடியாது என்றாள். தலைமையாசிரியை அந்த எழுத்து உத்தரவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஆய்வாளர் தாழ்வாரத்தில் நிதானமாக நடந்தார். முப்பது வருஷமாகத் தீயைப் பார்த்தவருக்கு ஒன்று தெரியும்: அது எப்போதும் தாள் இருக்கிற இடத்தைத்தான் முதலில் விசாரிக்கும். ஸ்டோர் ரூம் கதவில் பலகையை மாட்டிவிட்டு மைதானத்துக்கு வந்து நின்றார். நம் ஆள் காதில் பஞ்சு வைத்தார். அமுக்கினார்.

அடடா, என்ன ஓட்டம்! எட்டாம் வகுப்பு யாரையும் மிதிக்கவில்லை. ஏழாம் வகுப்பு சரியான கேட்டுக்கே வந்தது. பச்சை அட்டைகள் ஒவ்வொன்றாக மேலே எழுந்தன. கடைசி அட்டையை நம் ஆளே தூக்கினார், கோப்பை தூக்குகிற மாதிரி.

"இரண்டு ஐம்பத்தெட்டு! அறுநூத்திப் பன்னெண்டும் வெளிய!"

கைதட்டல் எழுந்தது. அதற்கு நடுவில் தண்ணீர் பாட்டில் கீழே விழுந்தது.

"சார்" என்றாள் கடைசி ரூம் டீச்சர், ஆய்வாளரைப் பார்த்து. "அவர் கையில இருக்கிற அட்டை என்னோடது. என் புள்ளைங்க வெளிய வரல."

நம் ஆள் சிரித்தார். "அது ஒரு சின்ன ஏற்பாடு சார், ஒத்திகைக்கு மட்டும்..."

ஆய்வாளர் அதைக் கேட்க நிற்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம், கால் ஓடிவிட்டது. டீச்சர் அவருக்கு முன்னால் ஓடினாள். நம் ஆள் கடைசியில் ஓடினார். நீதி தவறாமல் சொன்னால், நான்காவதாக. கணக்கு டீச்சர் அவரை முந்திவிட்டார்.

ஸ்டோர் ரூம் கதவில் "தீ இங்கே" ஆடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தார்கள். தாள் கட்டுகளுக்கு நடுவே ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கை கட்டி, அசையாமல். அறிவிப்பு அட்டைப் பெட்டிகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஐந்நூறு தாள்கள். ஈரம் படாமல் வைக்கவும். ஐந்நூறு தாள்கள். ஈரம் படாமல் வைக்கவும்."

ஆய்வாளர் வாசலிலேயே குந்தி உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாப்பா, வெளிய ஒரு போர்டு இருந்துச்சே, பாத்தியா?"

"தீ இங்கே."

"தீ இருக்கற எடத்துக்குள்ள ஏன் வந்தே?"

"மணி அடிச்சா ஸ்டோர் ரூம். கதவைச் சாத்தணும். வெளிய வரக் கூடாது. சார் சொன்னாரு." அவள் அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவரை நிமிர்ந்து பார்த்தாள். "சார் காதுல பஞ்சு இருக்கு. எனக்குத் தரல."

எல்லாரும் திரும்பி நம் ஆளின் காதைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் வெள்ளையாக, புஸ்ஸென்று, எட்டிப் பார்த்தபடி இருந்தது.

ஆய்வாளர் எழுந்து அவரைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஆறு பேர் செத்துட்டாங்க சார்."

"பேப்பர்லதானே சார்?"

"நீங்க மத்தவங்களக் காப்பாத்தினதும் பேப்பர்லதான்."

"டைம் மட்டும் பாருங்க சார். டைம்ல குத்தம் சொல்ல முடியுமா?"

ஆய்வாளருக்கு மிச்சமிருந்த பாதிப் புருவமும் மேலே ஏறியது. எரிகிற வீட்டுக்குள் பீரோ சாவியைத் தேட ஓடியவர்களை அவர் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு ஆளை இப்போதுதான் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. எப்பிடி பண்ணலாம்?"

அவள் முதல் ஒத்திகையிலிருந்தே சொல்லிவந்ததை முக்கால் நிமிஷத்தில் சொன்னாள். ஆய்வாளர் தன் வண்டியிலிருந்து காதை மூடும் கருவி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். டீச்சர் ஒரு தாளில் நாலு படம் வரைந்தாள்: மணி, கதவு, வாசற்படி, மரம். அறிவிப்பு அதைக் கையில் வாங்கி, நாலையும் படம் படமாக உரக்கப் படித்தாள். பிறகு டீச்சர் கருவியை அவள் காதில் மாட்டி, அவளைத் தூக்கிச் சைரன் பொத்தானுக்கு நேராகப் பிடித்தாள்.

"நீயே அமுக்கு. நீ அமுக்கினாத்தான் சத்தம் வரும்."

"அது அதிகாரியோட பொத்தான்!" என்று நம் ஆளின் குரல் பின்னாலிருந்து வந்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குழந்தை பொத்தானை ரொம்ப நேரம் பார்த்தாள். மைதானத்திலிருந்து திரும்பி வந்திருந்த அறுநூற்றுச் சொச்சம் பேரும் தத்தம் வகுப்பில் காத்திருந்தார்கள். அமுக்கினாள். சத்தம் வந்தது. உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது, ஆனால் கத்தவில்லை. கீழே இறங்கி, தாளைப் பார்த்து, "கதவு" என்றாள். நடந்தாள். "வாசற்படி" என்றாள். அங்கே ஒரு கணம் நின்றாள். பின்னால் முந்நூறு பேர் நின்றார்கள். யாரும் அவளுக்கு முள்ளைக் காட்டவில்லை. தாண்டினாள். "மரம்."

ஐந்து நிமிஷம் இருபது நொடி. ஆறு பேரும் வந்து சேர்ந்ததும் டீச்சர் தன் பச்சை அட்டையைத் தானே தூக்கினாள்.

சான்றிதழ் வரவில்லை. மாலை நாலு மணிக்கு அறிவிப்பின் தாய் வந்தபோது தலைமையாசிரியை வேறு ஸ்கூல் பேச்சை எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, குழந்தை நன்றாகப் படிக்கிறாள் என்றார். ஆய்வாளரின் அறிக்கையில் ஸ்டோர் ரூம் பற்றி ஒரு பத்தி இருந்தது. நிர்வாகம் அதைப் படித்துவிட்டுத் தலைமைப் பாதுகாப்பு அதிகாரியின் சுழலும் நாற்காலியை வேறு ஒரு பள்ளிக்கு அனுப்பியது. சைரன் பொத்தான் அறிவிப்பு என்ற அந்தக் குழந்தையின் பொறுப்புக்கு வந்தது. ஒத்திகைக்கு முந்தின நாள் சுற்றறிக்கை முதலில் கடைசி ரூமுக்கு வந்தது. நம் ஆளுக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள்: மணி அடித்ததும் சக்கர நாற்காலிக்குப் படியில் பலகை போடுவது. அதைச் சரியாகத்தான் செய்கிறார். எவ்வளவு நேரம் ஆகிறது என்று மட்டும் இன்னும் முணுமுணுத்து எண்ணுகிறார்.

அந்த வியாழக்கிழமை வீட்டுக்குப் போனதும் நோட்டை எடுத்து எழுதினார். மனைவி எட்டிப் பார்த்தாள். "2 நிமிஷம் 58 நொடி. சாதனை." அதற்குக் கீழே, மனசாட்சி உறுத்தியதாலோ என்னவோ, எறும்பு அளவு எழுத்தில்: "ஆறு பேர் நீங்கலாக."

 உள்ளே மாமியார் கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க, நாளைக்கு எனக்கும் மூட்டுவலி வந்துச்சுன்னு வைங்க. அப்ப இந்த வீட்ல எத்தனை பேர் நீங்கலா?"

அவர் நோட்டை மூடினார். பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். மூன்று நிமிஷம் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தாள்.